ஆடி வந்து நின்னுபோன இங்கிலீசு

எனக்குக் கையெழுத்துகூடப் போட வராது. ஆனா கெட் அப், கிவ் அப், ஃபில் அப் அம்புட்டும் தெரியும். சிரிக்காதீக, நெசந்தேன். நெனச்சாச் சந்தோசமாவும் இருக்கு, வருத்தமாவும் இருக்கு.

கல்யாணமான புதுசு. மதுரையில ஒரு வெள்ளக்காரத் தொர ஆபீசுல கிளார்க்கு வேலைக்கு எங்க வீட்டுக்காரவுக மனுப் போட்டிருந்தாக. தொர நேர்ல கூப்பிட்டு இங்கிலீசுல கேப்பாராம். அது கெடைக்கலைன்னா தாய்மாமன் துணிக்கடையில நின்னு துணி கிழிக்கணும். அவுகளுக்கு அது வேப்பங்காயாக் கசக்கும்.

விடியக்காலம் நான் மாவாட்ட, அவுக பக்கத்துல ஒக்காந்து சத்தமாப் படிப்பாக. யாராச்சும் கேட்டாத்தேன் அவுகளுக்கு மனசுல நிக்கும். எங்க மாமியா, "என்னடி இது, ஆட்டுக்கல்லு இங்கிலீசு பேசுது?"ம்பாக. உளுந்து பொங்கி வந்தாப் போதும், வேற ஒண்ணுஞ் சொல்ல மாட்டாக. நல்ல மனுசி.

"அப்புன்னா மேல, புள்ள"ன்னாக எங்க வீட்டுக்காரவுக ஒருநா. "கெட் அப்னா எந்திரி. கிவ் அப்னா விட்டுரு."

"விட்டுட்டாக் கீழதான விழுகும்? மேல எங்க போகுது?"

"அதேன் எனக்கும் வெளங்கல."

"நம்ம சொல்லிக்குடு, விட்டுக்குடு, காட்டிக்குடுங்கிறோம். எல்லாத்துலயும் குடு இருக்கு. கையில என்னத்தக் குடுக்குறோம்? சேத்துச் சொல்லிப் பழகிட்டோம், அம்புட்டுத்தேன்."

அவுக மொகத்த நீங்க பாக்கணுமே! அதுலருந்து ஒவ்வொண்ணையும் ஒரு வேலையோட சேத்துக்கிட்டோம். கொடத்த நெறப்புனா ஃபில் அப். ஏனத்தக் கழுவுனா வாஷ் அப். மாட்டக் கட்டுனா டை அப். நான் வேலையச் செய்ய, அவுக வார்த்தையச் சொல்ல, அப்பு முடிஞ்சு ஆஃப் தொடங்குனோம். டேக் ஆஃப்னா கழட்டு. புட் ஆஃப்னா தள்ளிப்போடு.

அதுக்குள்ள ஆடி வந்துருச்சு. சித்திரை வெயில்ல புள்ள பொறக்கக் கூடாதுன்னு புதுப்பொண்ணப் பெத்தவுக கூட்டிட்டுப் போயிருவாகள்ல. உசிலம்பட்டியிலருந்து எங்கப்பா வண்டி கட்டி வந்துட்டாக. தொர கூப்பிட்டதும் அந்த மாசந்தேன். இருந்துட்டு வாரேன்னு நான் சொன்னா, "புருசன விட்டு ஒரு மாசம் இருக்க மாட்டாளாக்கும்"னு ஊரே சிரிக்கும். அவுகளுக்கும் அதே வெக்கம். ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. வண்டி கெளம்பிருச்சு.

தனியா ஒக்காந்தா அவுகளுக்கு ஒண்ணும் ஏறலையாம். தொர கேட்டப்ப நாக்கு ஒட்டிக்கிச்சாம். வேல வேறாளுக்குப் போயிருச்சு.

ஆவணியில திரும்பி வந்ததும், "மிச்சத்தையும் படிப்பமா?"ன்னு கேட்டேன். "இனி யாருக்குப் புள்ள?"ன்னுட்டுத் துணிக்கடைக்கு நடந்தாக. கடைசிவரைக்கும் அங்கதேன் நின்னாக. எனக்குத்தேன்னு அன்னைக்குச் சொல்லியிருக்கலாம். வாயில வரல.