கோவிந்தம்மாள் வாங்காத வெற்றிலை

கல்யாணமாகி மானாம்பதிக்கு வந்த முதல் வருஷம், ஆண்டாளம்மாள் வயலுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போனபோது வரப்பு வழுக்கிவிட்டது. பானை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கெல்லாம் அதுதான் மதியச் சாப்பாடு. அத்தனையும் சேற்றோடு சேறாய்ப் போனது. மாமியாரை நினைத்து வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.

நடவாட்களுக்குத் தலைவியான கோவிந்தம்மாள் சேற்றிலிருந்து ஏறி வந்தாள். பானையை வாய்க்காலில் கழுவி அவள் கையில் கொடுத்தாள். "போ சின்னம்மா. யாரும் ஒண்ணும் பாக்கல" என்றாள். சாயங்காலம் மாமியார், "கூழு பத்துச்சாடி?" என்று கேட்டார். பகலெல்லாம் வெறும் வயிற்றோடு குனிந்து நிமிர்ந்த கோவிந்தம்மாள், "மிச்சமே ஆயிப்போச்சிம்மா. உப்புதான் ஒரு கல்லு கம்மி" என்றாள். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை.

அப்படிப்பட்டவள்தான் பின்னாளில் அதே வீட்டின் தலையைக் குனிய வைத்தாள். வைக்கும்படி செய்தது அந்த வீடு.

நடவுக்கு ஆள் பிடிக்க அந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நாற்று பறிக்கும் பதம் வருவதற்கு முன்பே நிலத்துக்காரர் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அனுப்புவார். நடவுத் தலைவி அதைக் கை நீட்டி வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு யார் என்ன கூட்டிக் கொடுத்தாலும், வெற்றிலை கொடுத்தவர் வயலை நட்டு முடிக்காமல் அவளுடைய ஆட்கள் வேறு வயலில் கால் வைக்கமாட்டார்கள். மானாம்பதியில் முதல் வெற்றிலை எப்போதும் தாண்டவராயன் வீட்டு வெற்றிலை. ஆண்டாளம்மாளின் புருஷன் அவர். ஏரிக்குக் கீழே முதல் மடையில் பாதி நிலம் அவருடையது. அவர் தட்டு போகாமல் வேறொருவர் தட்டு போகாது.

எழுபதுகளின் கடைசியில் அவர் டிராக்டர் வாங்கினார். ஓட்டுவதற்குக் காஞ்சிபுரத்திலிருந்து தானியேல் என்ற வயதானவர் வந்தார். கோவிந்தம்மாளின் மகன் வீராசாமி அப்போது புதிதாய்க் கல்யாணம் ஆனவன். அவனை அழைத்து வாசலில் நிற்கவைத்துத் தாண்டவராயன் சொன்னார்: "தானியேலு கூடவே சுத்தி ஓட்டக் கத்துக்கோ. கத்துக்கற வரைக்கும் சம்பளம் கெடையாது, சோறு உண்டு. அவரு போனதும் லைசென்ஸ் எடுத்துக் குடுத்து ஒன்னியே டிரைவரா வச்சிக்கறேன். மாசச் சம்பளம்."

உள்ளே பெருமாள் படத்துக்கு முன்னால் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த ஆண்டாளம்மாள் காதில் ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. சாமி முன்னால் கேட்ட வார்த்தை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கோவிந்தம்மாள் குடியிருந்த காலனியில் அதுவரை மாசச் சம்பளம் வாங்கியவர் யாருமில்லை. மழை பெய்தால் கூலி, காய்ந்தால் பட்டினி. அதனால் வீராசாமி போகத்துக்குப் போகம் கைக்காசு இல்லாமல் உழைத்தான். கோவிந்தம்மாள் கூலியிலும் மருமகள் அம்முலு கூலியிலும் வீடு ஓடியது. வீராசாமி கொஞ்ச நாளிலேயே வரப்பு இடியாமல் வண்டியை மடக்கக் கற்றுக்கொண்டான். தானியேல் மரத்தடியில் உட்கார்ந்து தூங்கவே ஆரம்பித்துவிட்டார்.

தானியேல் கண் மங்கி ஊருக்குப் போன வாரமே, உத்திரமேரூரிலிருந்து தாண்டவராயனின் அக்கா மகன் ராஜாராம் வந்து சீட்டில் உட்கார்ந்தான். அவனுக்கு ஹாரன் அடிக்கத் தெரியும். மற்றதை வீராசாமி கற்றுக் கொடுக்கவேண்டும் என்று உத்தரவானது.

கோவிந்தம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"ஆண்டே, டிரைவர் வேல எம்புள்ளைக்குன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். இப்ப இல்லன்றேன்."

"இத்தினி நாளு சும்மா உழைச்சானே ஆண்டே."

"உழைச்சானா? கத்துக்கினான். எவன் சும்மா கத்துக் குடுப்பான்? நாயமாப் பாத்தா நீதான் எனக்கு ஃபீசு கட்டணும்."

ஆண்டாளம்மாள் நிலைப்படிக்கு வந்துவிட்டாள். "நீங்க சொன்னத நானும்தான் கேட்டேன்" என்றாள்.

"அடுப்புல இன்னா தீயுதுன்னு போய்ப் பாரு" என்றார் அவர்.

டிராக்டர் மேலிருந்து ராஜாராம் சிரித்தான். "இன்னா கோவிந்தம்மா, ஒனக்கும் ஓட்டக் கத்துக் குடுக்கட்டா? ஃபீசு கொறச்சிக்கறேன்."

கோவிந்தம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி ஆண்டே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். 

அடுத்த சம்பாவுக்கு ஏரி நிரம்பியது. எல்லோரும் நாற்று விட்டார்கள். அப்போதுதான் தாண்டவராயன் அந்தத் தப்பைச் செய்தார். கோவிந்தம்மாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அவருக்குக் கோபம். "இந்த வருசம் வெத்தில அனுப்பமாட்டேன். அவளே வந்து நிக்கட்டும். வயிறு இஸ்துகினு வரும்" என்று சொல்லி, வருஷா வருஷம் முதலில் போகிற தட்டை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

கோவிந்தம்மாள் காத்திருந்தது அதற்குத்தான். நேரே கடைசி மடையில் துண்டு நிலம் வைத்திருந்த வேதகிரி வீட்டுக்குப் போய் நின்றாள். "அண்ணே, வெத்தில குடு" என்றாள். வெற்றிலையைக் கேட்டு வாங்கிய நடவுக்காரி அந்த ஊரில் அதுவரை இல்லை.

வேதகிரி பயந்து போனார். "பெரிய வூட்டுக்கு முன்னால நான் குடுத்தா என்ன உசுரோட வுடுவாரா?"

"அவுரு வெத்தில வந்தா வாங்கமாட்டனா? வரல. எங்கை காலியா கீது. காலிக் கையில நீ வெத்தில வச்சா எந்த சாமிண்ணே கோச்சிக்கும்?"

வேதகிரி யோசித்துக்கொண்டே நிற்க, அவர் பெண்டாட்டி உள்ளே போய்த் தட்டோடு வந்துவிட்டாள். எப்போதும் எல்லோருக்கும் கடைசியில், முற்றிய நாற்றை நட்டே பழகிய குடும்பம். செய்தி பரவியது. சின்ன நிலத்துக்காரர்கள் ஒவ்வொருவராய்த் தட்டோடு காலனிக்கு வந்தார்கள். எல்லாவற்றையும் கோவிந்தம்மாள் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள்.

தாண்டவராயன் நாற்று பதத்துக்கு வந்தது. யாரும் வந்து நிற்கவில்லை. கடைசியில் பண்ணையாள் இருசப்பனிடம் தட்டைக் கொடுத்து அனுப்பினார்.

கோவிந்தம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எங்கை ரொம்பிப் போச்சி இருசப்பா. ஐப்பசி முடியற வரைக்கும் எடமில்லன்னு சொல்லிடு."

சரி, வெளியூர் ஆள் பிடிக்கலாம் என்று டிராக்டரில் டிரெய்லர் மாட்டி ராஜாராமைப் புள்ளலூருக்கு அனுப்பினார். அங்கே நடவுத் தலைவி பாஞ்சாலி, கோவிந்தம்மாளின் கூடப் பிறந்த தங்கை. "டிரைவரு புதுசாமே? நெசமா ஓட்டக் கத்துக்கினவன் வந்தா ஏறுவோம். எங்களுக்குப் புள்ளகுட்டி கீது" என்று அவள் சொல்ல, புள்ளலூர் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்களாம். காலியாய்த் திரும்பிய வண்டியை ராஜாராம் வழியில் வாய்க்காலில் இறக்கிவிட்டான். மாடு கட்டித்தான் இழுத்து வந்தார்கள்.

அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை ஆண்டாளம்மாள் உத்திரமேரூர் சுந்தரவரதப் பெருமாளைச் சேவிக்கப் போனாள். நாற்று முற்றக்கூடாது என்று வேண்டிக்கொள்ளத்தான் போனது. சன்னதியில் நின்று பெருமாள் முகத்தைப் பார்க்கப் பார்க்க, அவருக்கும் எல்லாம் தெரியும் போலிருந்தது. துளசித் தீர்த்தத்தை வாங்கிக் குடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பஸ் ஏறினாள்.

நாற்று பழுக்கத் தொடங்கியது. ஒரு காலையில் தாண்டவராயன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனார். துணைக்கு ஆண்டாளம்மாளைக் கூப்பிட்டார். அந்தத் தெருவில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கோவிந்தம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைக் கீழே போடவில்லை.

"வாங்கிக்க கோவிந்தம்மா. ஒன் புள்ளையே வண்டி ஓட்டட்டும். மாசச் சம்பளம். இதோ, ஒங்க சின்னம்மா சாட்சி."

வீட்டுக்குள்ளிருந்து வீராசாமி பாய்ந்து வெளியே வந்தான். அம்முலு வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் காத்திருந்தது கையெட்டும் தூரத்தில் நின்றது. இனி ஒரு "சரி" போதும்.

"வாணாம் ஆண்டே" என்றாள் கோவிந்தம்மாள். "இது நாத்துக்காகக் குடுக்கற சீட்டு. நாத்து வேர் புடிச்சதும் எறக்கிடுவீங்க."

"எம்மா!" என்றான் வீராசாமி.

"நீ சும்மா இருடா." அவள் தாண்டவராயனைப் பார்த்தாள். "நான் நடவு நட்டுத் தர்றேன். மத்தவங்க கையில கால்ல வுழுந்து நாளு வாங்கியார்றேன். ஒண்ணே ஒண்ணு. ஒங்க மருமவன் எங்ககூட எறங்கி நடணும். நடவு கத்துக்கட்டும். சம்பளம் கெடையாது, சோறு உண்டு. ஃபீசு வாணாம்."

தாண்டவராயன் அவளை நெருங்கி வந்தார். அடிக்கப் போகிறாரோ என்று ஆண்டாளம்மாள் பயந்தாள். அவர் தட்டோடு திரும்பி நடந்தார். அம்முலு தலையில் அடித்துக்கொண்டு அழுதது தெருமுனை வரை கேட்டது.

ஆனால் பயிர் யார் ரோஷத்துக்கும் காத்திருக்காதே. இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ராஜாராம் பெல்பாட்டம் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். வரப்பெல்லாம் ஜனம். கோவிலில் கூழ் ஊற்றினால்கூட அவ்வளவு கூட்டம் வந்திருக்காது.

"குனிங்க சின்ன ஆண்டே, இன்னும் குனிங்க. சீட்டுல குந்தறமாதிரி குந்தக்கூடாது."

"பின்னால போவணும், முன்னால போவக்கூடாது. ரிவர்ஸு, ரிவர்ஸு!" என்றாள் இன்னொருத்தி.

"ஹாரன் அடிங்க, வழி வுடறோம்!"

நடவுப் பாட்டில் அன்றைக்கு பெல்பாட்டமும் வந்தது. ராஜாராம் நட்ட நாற்று நட்ட கையோடு மிதந்தது. அதை ஒருத்தி பின்னாலேயே எடுத்து எடுத்து நட்டாள். தாண்டவராயன் குடையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றார். உச்சிவேளையில் கோவிந்தம்மாள் இடுப்பை நிமிர்த்தி, ஊர் முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னாள்:

"ஆண்டே, மருமவன் நல்லாவே கத்துக்கினாரு. ஆனா வேல வேற ஆளுக்குன்னு சொன்னா கோச்சிக்காதீங்க."

சொன்ன சொல் தவறாமல் அத்தனை நிலத்தையும் ஒழுங்காக நட்டுக் கொடுத்தாள். கூலியும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. ராஜாராம் அன்று சாயங்காலமே உத்திரமேரூர் பஸ் ஏறினான், திரும்பவே இல்லை. தாண்டவராயன் அடுத்த வருஷம் முதல் மடை நிலத்தில் பாதிக்குச் சவுக்கு வைத்துவிட்டார். சவுக்குக்கு நடவாள் தேவையில்லை. வேலை குறைந்த பெண்களில் சிலர் கோவிந்தம்மாளை முகத்துக்கு நேரே ஏசினார்கள். வீராசாமி தாயோடு பேச்சை நிறுத்திவிட்டுக் காஞ்சிபுரம் போய்த் தானியேல் வீட்டுக் கதவைத் தட்டினான். தானியேல் அவனை ஒரு லாரி ஷெட்டில் சேர்த்துவிட்டார். லைசென்ஸுக்கு ஆகும் செலவுக்குக் கோவிந்தம்மாள் காதில் மூக்கில் கிடந்ததைக் கழற்றி அம்முலு கையில் கொடுத்தனுப்பினாள். வாங்கிக்கொண்டான், பேசவில்லை. வருஷங்கள் கழித்துத் தனியார் பஸ்ஸில் டிரைவரான பிறகுதான், "எம்மா, இங்கயே வந்துடு" என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான்.

அவள் துணி மூட்டையோடு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, சேதி கேட்டு ஆண்டாளம்மாள் ஓடி வந்தாள். அப்போது தாண்டவராயன் ஒரு பக்கம் கைகால் விழுந்து படுத்த படுக்கையாய்க் கிடந்தார். பிரசாதக் குங்குமத்தை மடித்துக் கோவிந்தம்மாள் கையில் வைத்து, "அவரு ரொம்ப அவஸ்தப்படறாரு கோவிந்தம்மா. மனசுல ஒண்ணும் வச்சிக்காம, நல்லா ஆவணும்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன்" என்று கேட்டாள்.

பஸ் வந்து நின்றது. கோவிந்தம்மாள் மூட்டையை உள்ளே தள்ளிவிட்டுப் படியில் ஏறி நின்று திரும்பினாள்.

"நல்லா ஆவட்டும் சின்னம்மா. எழுந்து நடக்கட்டும். எம்புள்ள ஓட்டற பஸ்ஸுல ஒருதரம் டிக்கெட் வாங்கினு ஏறணும் அவுரு. அதுக்காவது பொழைக்கட்டும்."