ஆத்தாளுக்கு எடுத்து வைத்த பிடியரிசி

எங்கள் வீட்டுக்காரரிடமிருந்து ஐந்து நாளாகப் போன் வரவில்லை. அவர் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தை மாதம் ஆத்தூரில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு, ஜம்முவையும் தாண்டி மலைமேல் போயிருந்தார். அந்த மலைப்பாதையில் பனி கொட்டி, மண் சரிந்து, வண்டிகள் வரிசையாக நிற்பதை டி.வி.யில் காட்டினார்கள். எல்லா வண்டியின் தலையும் வெள்ளையாக இருந்தது. அதில் எங்கள் வண்டி எது என்று டி.வி.க்கு முன்னால் முட்டி போட்டுத் தேடினேன். பைத்தியக்காரத்தனம்தான். அந்த நேரத்தில் அறிவா வேலை செய்யும்?

குளிரைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. இரண்டு கம்பளியும் குல்லாவும் கொண்டு போயிருந்தார். என் பயமெல்லாம் சோற்றைப் பற்றித்தான். அவருக்குச் சர்க்கரை நோய். காலையில் மாத்திரை போட்டால் அரை மணி நேரத்துக்குள் வயிற்றுக்கு ஏதாவது போயாக வேண்டும். ஒருமுறை வீட்டிலேயே மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமாகி, வேர்த்துக் கொட்டி, வாசற்படியில் சரிந்து விழுந்திருக்கிறார். டப்பாவில் ஒரு மாதத்துக்கு மாத்திரை இருந்தது. வண்டியில் கொண்டு போன பெட்டியில் அரிசி ஆறு நாளைக்குத்தான் இருந்தது. ஆறு நாள் முடிந்தும் ஐந்து நாள் ஆகியிருந்தது. அப்படி அளந்து வைத்தவள் நான்தான். வேண்டுமென்றேதான் வைத்தேன்.

மாரியாத்தாளைக் கும்பிடுகிற உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குப் புதுச்சத்திரம் பக்கம். கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலிருந்து எனக்கு ஒரு வேலை உண்டு. வண்டி கிளம்பும் முன்னால் பெட்டி கட்டுவது. அது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைக்கிற தகரப்பெட்டி. வடக்கே போகிற வண்டியில் எங்கள் ஊர் ஆட்கள் அடுப்பும் பாத்திரமும் கொண்டுபோய், வழியில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிடுவார்கள். பெட்டியை வெயிலில் காய வைத்துத் துடைத்து, அடியில் பழைய பேப்பர் விரித்து, அரிசி, கொள்ளு, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், சுண்டவத்தல், கத்தரிவத்தல் என்று அடுக்குவேன். தக்காளி சீப்பாகக் கிடைக்கிற காலத்தில் வாங்கி, அரிந்து, உப்புப் போட்டு மொட்டைமாடியில் காய வைப்பேன். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றுகூட எங்கள் வீட்டிலிருந்து பழைய சாமான்காரனுக்குப் போனதில்லை. தேய்ந்த சோப்பை அடுத்த சோப்பின் முதுகில் ஒட்டுவேன். "எச்சக்கையில காக்கா ஓட்டாதவ" என்று அவர் கேலி செய்வார். ஆனால் பெட்டி விஷயத்தில் மட்டும் என் கை தாராளம். பத்து நாள் பயணத்துக்கு இருபது நாளைக்குக் கட்டுவேன். வழியில் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடும். வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் மகள் பூங்கொடி ஓடிப்போய்ப் பெட்டியைத்தான் முதலில் திறப்பாள். மிச்சம் வந்த பருப்புப்பொடியில் டீசல் வாசமும் ஏதோ தூரத்து ஊர் வாசமும் கலந்து அடிக்கும். அதைச் சோற்றில் போட்டு நெய் விட்டுப் பிசைந்து தந்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். "அப்பா ஊட்டுப் பொடி" என்பாள்; லாரிதான் அவளுக்கு அப்பா வீடு. நானும் ஒரு வாய் சாப்பிடுவேன். அவர் போன ஊரெல்லாம் நான் போனது அப்படித்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. தினமும் உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து ஆத்தாளுக்கென்று தனிப்பானையில் போடுவேன். வண்டு வராமலிருக்க நடுநடுவே காய்ந்த வேப்பிலை. வருஷம் முடிந்தால் பதினைந்து கிலோவுக்கு மேல் சேரும். தை மாதத்தில் அதை மஞ்சள் துணிப்பையில் கட்டி, எங்கள் குலதெய்வமான மாரியாத்தாள் கோயிலில் சேர்த்துவிடுவோம். பங்குனித் திருவிழாவில் எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகப் பொங்கி ஊருக்குச் சோறு போடுவார்கள். கோயில் ராசிபுரம் தாண்டி ஆத்தூர் போகிற வழியில் இருக்கிறது. அதனால் ஆத்தூருக்கு லோடு ஏற்றப் போகும்போது அவரே கொடுத்துவிட்டுப் போவார்.

அந்தத் தையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, கூடப் போகிற இன்னொரு டிரைவர் ராசு வாசலில் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரர் சொன்னார்: "ஏம்புள்ள, நீ லாரி அனுப்பறயா, மளிகைக்கடை அனுப்பறயா? ரோடு பூராத் தாபா இருக்குது. இந்தப் பெட்டியத் தூக்கித் தூக்கி என்ற இடுப்பே போச்சு."

ராசு சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷம் வெயிலில் நின்று வத்தல் போட்டவளுக்குக் கிடைத்த பட்டம் மளிகைக்கடை.

பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். போகிற வழிக்கு ஆறு நாள், இரண்டு ஆள், அதற்குச் சரியாக அரிசி அளந்தேன். உழக்கின் தலையை விரலால் வழித்து அளந்தேன். "இப்ப இடுப்பு வலிக்காதுங்க" என்றேன். மஞ்சள் பையை மட்டும் சீட்டுக்கு அடியில் வைத்து, "இதை மறக்காம ஆத்தாகிட்டச் சேத்திருங்க" என்றேன். அவர் போய்விட்டு வாரேன் என்று சொன்னதற்கு நான் தலையைக்கூட ஆட்டவில்லை.

கிளம்பிய ஆறாம் நாள் அவர் போனில் பேசினார். "மேல ஏறிட்டு இருக்கறோம். பனி பேயுது. டவர் இருக்காது" என்றார். அதோடு சரி.

லாரி ஆபீஸில் கேட்டால், "ரோடு தெறந்தா வந்துருவாங்கக்கா" என்றார்கள். அவர்கள்தான் வேறென்ன சொல்ல முடியும்? பூங்கொடி அப்போது காலேஜில் படித்தாள். "அங்க மிலிட்டரிக்காரங்க சாப்பாடு குடுப்பாங்கம்மா" என்று என் தலையைத் தடவினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. குழம்புக்குத் தாளிக்கிற வாசம் வந்தாலே குற்றம் செய்தவள்போல் உடம்பு கூசியது. பரணில் இருபது நாளுக்கான வத்தலும் பொடியும் பாட்டில் பாட்டிலாக நின்றன. அவற்றைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

போன் வராத ஐந்தாம் நாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. பஸ் ஏறிக் குலதெய்வம் கோயிலுக்குப் போனேன். உச்சிப்பொழுது, கூட்டமில்லை. பூசாரி என்னைப் பார்த்ததும் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இந்த வருசம் உங்க ஊட்டு அரிசி இன்னும் வரலீங்களே?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்மேல் இருந்த கோபத்தில் எங்கள் வீட்டுக்காரர் கோயிலில் நிற்காமலே போயிருக்கிறார். ஆத்தா சொத்தைக் கொடுக்காமல் கொண்டு போனதற்குத்தான் இந்தத் தண்டனை என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எல்லாவற்றையும் பூசாரியிடம் சொன்னேன். அவர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார்.

"அப்புடீன்னா அரிசி வண்டியிலதான இருக்கோணும்?" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. வண்டியில் சோறு இருக்கிறது. ஆனால் அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. எங்கள் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதா? பட்டினி கிடந்து சாவாரே தவிர, சாமிக்கென்று கட்டிய பையின் முடிச்சை அவிழ்க்க மாட்டார். பின்னால் வண்டி நிறைய ஜவ்வரிசி இருக்கிறது; அதில் ஒரு மணியைத் தொட மாட்டார். முப்பது வருஷமாகச் சரக்கில் கை வைக்காத மனுஷன்.

அன்றைக்கு நான் நேர்த்திக்கடன் ஒன்றும் வைக்கவில்லை. தங்கம் வைக்கிறேன், கெடா வெட்டுகிறேன் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஆத்தா, அது உன் அரிசி. நான் சொன்னாலும் அவர் தொடமாட்டார். நீயே சொல்லு. அவருக்குப் புரியற மாதிரி நீயே சொல்லு." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நடை சாத்துகிற வரைக்கும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் போன் அடித்தது. அவர்தான். எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்றேன். அதற்கு அவர் சொன்னார்.

"ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன் புள்ள. ஆத்தா அரிசியத் தின்னுபோட்டோம்."

நான் போனைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். பாவம் அந்த மனுஷன், கோபத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "வந்து சேத்திக் குடுத்தறலாம், அழுவாத" என்று கெஞ்சினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் முழுக்கதையும் சொன்னார். பனியில் நின்ற முதல் மூன்று நாள், முன்னால் நின்ற வண்டியின் சர்தார்ஜி தன் ரொட்டியைப் பங்கு போட்டிருக்கிறார். மிலிட்டரிக்காரர்கள் கொண்டு வந்தது பஸ்ஸில் வந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமே சரியாக இருந்ததாம். பிறகு சர்தார்ஜியின் மாவும் தீர்ந்தது. அடுத்த நாள் இவர் வெறும் தண்ணீரில் மாத்திரையை விழுங்கியிருக்கிறார். சிறிது நேரத்தில் கை நடுங்கிக் கண் இருட்டியதும், ராசுதான் டீக்கு வைத்திருந்த கடைசிச் சர்க்கரையை வாயில் போட்டு உட்கார வைத்தாராம். மாத்திரை போடாமலிருக்கலாமே என்றால், நான் திட்டுவேன் என்ற பயமாம். ராசு, "ஒரு சாக்கு ஜவ்வரிசியப் பிரிக்கலாமுங்கண்ணா" என்று கேட்டதற்கு இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அது அடுத்தவங்க சரக்கு. ஓனரக் கேக்கறதுக்குப் போன் எடுக்கல. ஆத்தாளக் கேக்கறதுக்குப் போன் எதுக்கு? அவகிட்டக் கேட்டுப் பாக்கலாம்னு பைய எடுத்தேன்" என்றார்.

மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். கடைசியில், திறந்து பார்க்க மட்டும் செய்யலாம் என்று முடிச்சை அவிழ்த்திருக்கிறார். அரிசிக்கு மேலே வேப்பிலைக் கொத்து ஒன்று இருந்திருக்கிறது.

"ஆத்தாளே எந்திரிச்சு வந்து, எடுத்துக்க சாமின்னு சொன்னாப்புடி இருந்துச்சு புள்ள."

"வண்டுக்குப் போட்டதுங்க அது" என்றேன். எனக்கே சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

"உனக்கு வண்டுக்கு. எனக்கு அன்னிக்கு அதுதான் பதிலு" என்றார்.

அது வெள்ளிக்கிழமைதானா என்று கேட்டேன். பனிக்குள் கிழமை ஏது என்றார். எனக்கு நிச்சயம் அது வெள்ளிக்கிழமைதான். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

அவர்கள் இரண்டு பேர் மட்டும் சாப்பிடவில்லை. வரிசையில் நின்ற வண்டிக்காரர்களைக் கூப்பிட்டு, பனியை உருக்கி உலை வைத்து, மூன்று நாள் கஞ்சி காய்ச்சி ஊற்றியிருக்கிறார். வெறும் உப்புக் கஞ்சி. இது என்ன பை என்று சர்தார்ஜி கேட்டதற்கு, இவர் தெரிந்த இந்தியில், "மாதா கா சாவல்" என்றாராம்; ஆத்தாளுடைய அரிசி என்று அர்த்தம். அவர் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம்.

இதைச் சொல்லிவிட்டு மஞ்சள் பையை எடுத்து என் முன்னால் வைத்தார். வெறும் பை என்று நினைத்துத் தூக்கினேன். கனத்தது. ரோடு திறந்து சாமான் கிடைக்கிற இடத்துக்கு வந்ததும், கஞ்சி குடித்தவர்கள் ஆளுக்கொரு பிடி அதில் போட்டிருக்கிறார்கள். காகிதத்தில் பொட்டலமாக ஒரு பிடி கோதுமை மாவு, வெல்லம், அக்ரூட் பருப்பு. மற்றதெல்லாம் சிவப்புச் சிவப்பாக, ராஜ்மா என்கிற வடநாட்டுப் பயறு. ஆத்தாளுடைய பை வெறுமையாகத் திரும்பக் கூடாது என்று யார் அவர்களுக்குச் சொன்னார்களோ!

பங்குனிப் பொங்கலில் எங்கள் வீட்டுப் பங்காகப் புது அரிசியோடு அந்தப் பையையும் கொண்டு போனோம். "இதென்ன பயறுங்க அம்மிணி?" என்று பூசாரி எடுத்துப் பார்த்தார். சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் பானையில் போட்டார். ராஜ்மாவை முந்தின நாளே ஊற வைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. பொங்கலில் கல்லுக்கல்லாகக் கிடந்தது. ஒருத்தர்கூட எடுத்து ஓரமாக வைக்கவில்லை. எல்லோரும் கடித்துத் தின்றார்கள்.

இப்போது அவர் வண்டி ஓட்டுவதில்லை. பூங்கொடி கல்யாணமாகிச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறாள். வேண்டியதைப் போனில் அமுக்கினால் வாசலுக்கு வருகிறது. தகரப்பெட்டி எங்கள் சமையலறை மூலையில் சும்மா கிடக்கிறது. சில நாள் அதைத் திறந்து மோந்து பார்ப்பேன். டீசல் வாசம் இன்னும் போகவில்லை. பரணில் இருந்த வத்தலைக் காட்டிலும் அந்த ஆறு நாள் அரிசிதான் எனக்குப் பாடம் சொன்னது. கோபத்தில் பேச்சைக் குறைக்கலாம், சோற்றைக் குறைக்கக் கூடாது. அதன் பிறகு யார்மேல் கோபம் வந்தாலும் உழக்கின் தலையை நான் வழித்ததில்லை. எங்கள் தெருவில் வடக்கே கிளம்புகிற எந்த வண்டியானாலும் என் கையால் ஒரு மஞ்சள் பை ஏறும். "பசிச்சாத் தொடுங்க சாமி, இது அதுக்குத்தான்" என்று சொல்லியே கொடுக்கிறேன்.

உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். பெரிய காணிக்கை வேண்டாம். உலை வைக்கும்போது ஒரே ஒரு பிடியை ஆத்தாளுக்கென்று ஒதுக்குங்கள். அது யார் பசிக்கு, எந்த ஊரில் போய்ச் சேரும் என்பதை அவள் பார்த்துக்கொள்வாள். மேலே இரண்டு வேப்பிலை வைக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.