அக்காவுக்கு வைத்த சாப்பாடு

பித்தளைப் பேணிக்குள் கரண்டி அடிபடும் சத்தமும், அதன் பின்னால் சுடுகோப்பி மணத்தோடு கலந்து வரும் முட்டை 'வெடில்' நாற்றமும்தான் எனக்கு அந்த வருடத்துக் காலைகள். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம் அது. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. அப்பா கோட்டைக்கு ரயிலில் போய்வரும் கிளாக்கர். இளையவள் எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. அம்மா விடிய எழுந்து அடிக்கும் அந்த 'முட்டைக் கோப்பி' அக்காவுக்கு.

கிருலப்பனையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், ஒரு கிழமை கழித்துத் தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள்: "பிள்ளை நல்ல வடிவு. ஆனால் ஈர்க்கில் மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் சதை வைக்கட்டும், தைக்குப் பிறகு வந்து பாப்பம்." அம்மாவுக்கு அது தன் கைச்சாப்பாட்டுக்கே சொன்ன குறையாகப் பட்டது. அன்றிலிருந்து அக்காவுக்கு வேறு சமையல் நடந்தது. காலையில் முட்டைக் கோப்பி, பட்டர் பூசிய பாண். மத்தியானம் நெய் ஊற்றிய சோறும் தேங்காய் முதற்பாலில் காய்ச்சிய கறியும். நாலு மணிக்கு நல்லெண்ணெய் மிதக்கும் உளுத்தங்களி. எங்களுக்கெல்லாம் வழக்கம்போல் சிவப்பரிசிச் சோறும் கீரையும் சொதியும். சனிக்கிழமைகளில் அம்மா அக்காவைக் காலி வீதியிலிருந்த அப்போதிக்கரி வைத்தியரின் டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டுபோய் இரும்புத் தராசில் ஏற்றி நிறுத்துக்கொண்டு வருவாள்.

அக்காவின் வயிறு பிறந்த நாளிலிருந்தே சிறியது. இரண்டாம் நாளே நெஞ்செரிவு, நாலாம் நாள் வயிற்றூதல். "அம்மா, எனக்கு இது ஏலாது" என்றாள். "பழகினால் எல்லாம் செமிக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குப் போய்விட்டாள். அக்கா கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். பிறகு அறை வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "இஞ்சை வா, இதை நீ சாப்பிடுறியா?" என்று கேட்டாள்.

அப்படித்தான் அது தொடங்கியது. முதல் சில நாட்கள் அவள் கூப்பிட்டுத்தான் போனேன். பிறகு கூப்பிடத் தேவைப்படவில்லை. நாலு மணியாவதற்கு முன்பே அவளுடைய அறைத் திரைக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். களியின் சூடும், நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும் எண்ணெயும், அடியில் கிடக்கும் கருப்பட்டித் துண்டும் என்னைப் பேய்போலப் பிடித்துக்கொண்டன. ஒருநாள் அக்கா, அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று எண்ணியோ என்னவோ, "இண்டைக்கு நான் கொஞ்சம் சாப்பிட்டுப் பாக்கிறன்" என்றாள். "அப்ப இவ்வளவு நாளும் நடந்ததை அம்மாட்டைச் சொல்லிப்போடுவன்" என்றேன் நான். அவள் கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

டிஸ்பென்சரித் தராசில் அக்கா அரை றாத்தல்கூட ஏறவில்லை. அம்மா நெய்யைக் கூட்டினாள், முட்டையை இரண்டாக்கினாள். அதுவும் எனக்கே வந்தது. என் சட்டைகள் அக்குளில் பிரிந்தன. "பெட்டை வளருறாள்" என்று அப்பா சந்தோஷப்பட்டார், அம்மா தையலைப் பிரித்துவிட்டாள். நான் படியேறினால் மூச்சு வாங்கியதையும், காலையில் 'வெளிக்குப் போகாமல்' அழுதுகொண்டிருந்ததையும் ஒருவரும் அறியவில்லை.

மார்கழி மழை நாளொன்றில், நாலு நாள் அடைத்துக்கிடந்த வயிறு என்னைச் சுருட்டிப் போட்டது. சத்தியெடுத்து, சத்தியெடுத்து, கடைசியில் வெறும் பித்தநீர்தான் வந்தது. அம்மாவும் அக்காவும் ரிக்‌ஷாவில் வைத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார்கள். அப்போதிக்கரி வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"கல்லு மாதிரிக் கிடக்கு. என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?"

"வீட்டுச் சாப்பாடுதான் ஐயா. சோறும் கீரையும்."

அவர் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது சுவரோரம் நின்ற அக்காவின் குரல் கேட்டது.

"எனக்கு அம்மா தந்ததெல்லாத்தையும் நான்தான் ஐயா இவளுக்குக் குடுத்தனான். இவள் வேண்டாமெண்டுதான் சொன்னவள். நான்தான் வெருட்டித் தின்னப் பண்ணினனான்."

அம்மா கையை ஓங்கினாள்; ஆனால் அடிக்கவில்லை. அப்போதிக்கரி விளக்கெண்ணெய் எடுத்துக் கொடுத்தார். இரண்டு கிழமைக்குக் கஞ்சியும் பப்பாப்பழமும் கீரையும் மட்டும் என்றார். பிறகு, "பெரியவள் மெலிவுதான், வருத்தக்காரி இல்லை, நோய் ஒண்டும் கிடையாது. அவளின்ரை வயிறு கேக்கிறதைக் குடுங்கோ அம்மா" என்றார்.

 அன்று மாலை அம்மா ஒரே பானையில் கஞ்சி வைத்து, எனக்கு வார்த்த பிறகு அக்காவின் முன்னால் அகப்பையோடு நின்று, "உனக்கு எவ்வளவு காணும்?" என்று கேட்டாள். அக்கா அழத் தொடங்கினாள். கிருலப்பனைக்காரர் தைக்குப் பிறகு வர வேண்டாமென்று அம்மாவே தரகரிடம் சொல்லிவிட்டாள். இரண்டு வருடம் கழித்து அக்கா கலியாணம் செய்துகொண்டது, மெலிவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேளாத ஒரு வாத்தியாரை. என் உடம்பு பழைய நிலைக்கு வரப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புத் தாண்ட வேண்டியிருந்தது.

இன்று அந்த ஒழுங்கையில் மாடிவீடுகள் கடலை மறைத்து நிற்கின்றன. டிஸ்பென்சரி இருந்த இடம் எதுவென்று என்னால் சரியாகக் காட்ட முடியாது. 'தங்கச்சியை வெருட்டித் தின்னப் பண்ணினவள்' என்று எங்கள் சொந்தக்காரர்கள் அக்காவை ஆயுள் முழுதும் பகிடி பண்ணினார்கள். எத்தனையோ விருந்துகளில் நானும் பக்கத்திலிருந்து சிரித்தேன். அவள் ஒருநாள்கூட அதைத் திருத்திச் சொல்லவில்லை. போன வருடம் அவளும் போய்விட்டாள். நான் கேட்டு வாங்கித்தான் தின்றேன் என்று சொல்ல இனி என்னைத் தவிர யாருமில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.