மாடி அறையில் ஒளித்து வைத்த தண்ணீர்

மூன்று மாதத்துக்கு முன் நான் ஒரு பொய் சொன்னேன்.

"மாடி ரூம் சாவியைக் காணோம்மா. ரெண்டு நாளாத் தேடிக்கிட்டு இருக்கோம்."

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் சொன்னேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் ஊரில் ஒருத்தர் விடாமல் குறை சொல்லி எழுதுகிற ஆசாமியின் யோக்கியதை இவ்வளவுதான்! நடந்ததை அப்போதே எழுதியிருக்க வேண்டும். மனசு வரவில்லை. பஸ் ஸ்டாண்டு, பரோட்டா, செல்போன் டவர் என்று எதையெதையோ எழுதி ஒப்பேற்றினேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

பொய்யைக் கேட்டுக்கொண்டவர் பெயர் செல்வமேரி. எங்கள் தெருவுக்கு வருகிற கொசு ஒழிப்புப் பணியாளர். கையில் டார்ச், தோளில் மருந்துப் பை. வீடு வீடாக வந்து டிரம், தொட்டி, குடம் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்ப்பார். புழு நெளிந்தால் தண்ணீரைக் கொட்டச் சொல்வார். பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்கச் சொல்வார்.

கொட்டச் சொல்வதாவது! எங்கள் ஊரிலா?

வெளியூர் வாசகர்களுக்கு இது புரியாது. கோவில்பட்டிக்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால், வரும்போது வரும் என்பதுதான் பதில். வந்த அன்றைக்குக் குடம், அண்டா, பக்கெட், பழைய பெயிண்ட் டப்பா, கடைசியாகக் குக்கர் வரைக்கும் பிடித்து வைப்போம். நகையையாவது நாலு பேர் பார்க்கப் போட்டுக்கொண்டு போவோம். வீட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்குக்கூடக் காட்ட மாட்டோம்.

அதனால் செல்வமேரியின் தலை தெருமுனையில் தெரிந்ததுமே தகவல் பறக்கும். "மருந்தக்கா வாராவ..." உடனே குடங்கள் கட்டிலுக்கு அடியில் போகும். டிரம் மேல் பழைய சேலை விழும், அதன்மேல் அழுக்குத் துணி மூட்டை ஏறும். மற்ற விஷயங்களில் ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுத்துப் பேசாத வீடுகள்கூட இதில் மட்டும் ஒற்றுமை!

என் வீட்டு மாடி அறையில் நாலு நீல டிரம் இருந்தது. நாலிலும் விளிம்பு வரை தண்ணீர்.

எதற்கு அவ்வளவு? அபி வரப்போகிறாள்.

அபி எங்கள் ஒரே மகள். பெங்களூரில் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. வளைகாப்பு முடிந்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது. குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பிப் போவாள் என்று பேச்சு. ஆக மொத்தம் ஐந்து மாதம்... ஐந்து மாதம்!

பதினேழு வயதில் ஹாஸ்டலுக்குப் போனவள் அவள். அன்றோடு சரி. அப்புறம் வேலை, அப்புறம் கல்யாணம். வந்தால் இரண்டு ராத்திரி. பையைத் திறந்து வைத்தபடியே இருப்பாள், துணியை அலமாரியில் அடுக்கமாட்டாள். கிளம்பும்போது, "அடுத்த தடவை நாலு நாள் லீவு போட்டு வாரேன்ப்பா" என்பாள். அந்த அடுத்த தடவைக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்திருக்கிறேன். என் மனைவி சரோஜா இதை வாய்விட்டுச் சொல்லி அழுதுவிடுவாள். நான் அழமாட்டேன். டிரம்மில் தண்ணீர் பிடிப்பேன்.

பிள்ளைத்தாய்ச்சி குளிக்கத் தண்ணீர் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. லாரித் தண்ணீரை அவள் தலையில் ஊற்றக் கூடாது. குழாய்த் தண்ணீர் வந்த நாளெல்லாம் ஒவ்வொரு குடமாக மாடிக்குச் சுமந்தேன். மூட்டு வலிக்காக டாக்டர் படியேறக் கூடாது என்று சொல்லியிருந்தது இதில் சேராது.

பொய் சொன்ன அன்றைக்குச் செல்வமேரி கையில் புதிதாக ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அதன் முனையில் ரப்பர் டியூப். டியூபை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் சுவரில் உட்கார்ந்திருக்கிற கொசு குழாய்க்குள் வந்துவிடும். (நடுவில் வலைத்துணி இருக்கிறது, வாய்க்குள் போகாது. நான் கேட்ட முதல் சந்தேகமே அதுதான்.) எங்கள் ஹால் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து ஏழெட்டைப் பிடித்தார். காலில் வெள்ளை வரி போட்ட, பகலில் கடிக்கிற கொசு.

எதற்கு என்று கேட்டேன். லேப்புக்கு அனுப்பப் போகிறார்களாம். மனுஷனுக்குக் காய்ச்சல் வந்த பிறகு ஓடுவதைவிட, கொசுவிடம் டெங்குக் கிருமி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட்டால் தெருவைக் காப்பாற்றிவிடலாமாம்.

கொசுவுக்கு ரத்தப் பரிசோதனையா! வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா என்று கேட்டேன். செல்வமேரி சிரித்துவிட்டு, பக்கத்து இரண்டு வீடுகளிலும் பிடித்து, குழாய்மேல் மூன்று வீட்டையும் எழுதிக்கொண்டு போனார். இந்த ஜோக்கை வைத்தே ஒரு வாரப் பத்தியை ஓட்டிவிடலாம் என்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

பத்து நாள் கழித்து அவர் வந்தபோது கூட இன்னும் மூன்று பேர் வந்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் குழாயில் இருந்த கொசுக்களில் டெங்குக் கிருமி இருக்கிறது. தெருவில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. யாருக்காவது லேசாக வந்து, அவருக்கே தெரியாமல் போயிருக்கலாம், அவரைக் கடித்த கொசு வாங்கி வைத்திருக்கிறது என்றார்கள். இனி அது கடிக்கிற ஆளுக்கெல்லாம் ஆபத்து.

நான் சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்தேன். செல்வமேரி என்னைப் பார்த்தார். முன்னால் படியேறினார்.

மாடி அறையைத் திறந்தோம். அபிக்காக வாங்கிய புதுக் கட்டில், புது மெத்தை, அதற்கு அந்தப் பக்கம் நாலு டிரம். நான் மூடியாக வைத்திருந்த தாம்பாளம் ஒன்றிலும் சரியாகப் பொருந்தவில்லை. செல்வமேரி டார்ச்சை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தண்ணீருக்குள் புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. வெளிச்சம் பட்டதும் எல்லாம் சேர்ந்து உள்ளே இறங்கின. ஒரு டிரம் இல்லை... நாலிலும்.

என் மகள் வருவாள் வருவாள் என்று நான் படியேறிப் படியேறி வளர்த்தது இதைத்தான்.

அபிக்கு டிக்கெட் நாளை மறுநாளைக்கு. அதை விட்டால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் கிடையாது. இதற்கு மேல் பயணம் கூடாது என்று அவளுடைய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இப்போது வரவில்லை என்றால் பிரசவத்துக்கு வரவே முடியாது.

சரோஜாவிடம் சொன்னேன்.

"காய்ச்சல் யாருக்கு இருக்கு? கொசுவுக்குத்தான இருக்கு. மனுசருக்கு ஒண்ணும் இல்லைல்ல?"

கொசுவலை கட்டுவோம் என்றாள். ஜன்னலுக்கெல்லாம் வலை அடிப்போம், அவளை மாடியை விட்டு இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வோம் என்றாள். எனக்கும் அதுதான் ஆசை. ஒரு ஆள் "பரவாயில்ல, வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. செல்வமேரியை வாசலில் நிறுத்திக் கேட்டேன். கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று பொதுவாகச் சொன்னார். வரலாமா கூடாதா, அதைச் சொல்லும்மா என்று விடாமல் நின்றேன்.

"அத நான் எப்படிச் சொல்லுவேன் அண்ணாச்சி? மருந்து அடிக்கோம், தண்ணியக் கொட்டுதோம், ரெண்டு மூணு வாரத்துல கட்டுக்குள்ள வந்துரும். ஆனா என் தங்கச்சின்னா இப்ப வரச் சொல்ல மாட்டேன்."

கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். "முன்னால நான் பாத்த ஒரு தெருவுல இந்த டெஸ்ட்டெல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரிக் கட்டில் நிறைஞ்ச பெறகுதான் எங்களுக்கே தெரிஞ்சுது. அங்க ஒரு வீட்டு வாசல்ல இன்னும் என்னால நின்னு பேச முடியல."

அபிக்கு நான்தான் போன் போட்டேன். வீடியோ வேண்டாம் என்று சாதாரணமாகவே கூப்பிட்டேன்.

"அங்க யாருக்காவது காய்ச்சலாப்பா?"

"யாருக்கும் இல்ல."

"அப்புறம் என்ன? நான் பெட்டியெல்லாம் கட்டிட்டேன். வந்து உங்ககூடச் சண்டை போட லிஸ்ட்டே வச்சிருக்கேன்."

"நீ வர வேண்டாம்த்தா."

பெற்ற மகளிடம், பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வரக் கிளம்பி நிற்கிறவளிடம், எந்தத் தகப்பன் இதைச் சொல்வான்? டிரம்மைப் பற்றிச் சொன்னேன். சாவியைப் பற்றியும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருக்கலாம். "இத்தனை குடத்தையும் மாடிக்கு நீங்களாப்பா தூக்குனீங்க?" என்று மட்டும் கேட்டாள். போனைச் சரோஜாவிடம் கொடுத்துவிட்டுப் புழு பிடித்த தண்ணீரைக் கொட்டப் போனேன்.

என் வீட்டு டிரம் காலியானது. தெருவில் மற்ற வீடுகள்? செல்வமேரியும் கூட வந்தவர்களும் ஒவ்வொரு வீடாக ஏறினார்கள். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி... யாருக்குக் காய்ச்சல்? யாருக்கும் இல்லை என்றால், அப்புறம் எதற்குக் கொட்டணும்? கட்டிலுக்கு அடியில் இருந்த குடங்கள் அங்கேயே இருந்தன. ஒளித்து வைப்பதில் நான் எங்கள் தெருவிலேயே கெட்டிக்காரன். எங்கே எது இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நானும் அவர்களோடு கிளம்பினேன்.

மூன்றாவது வீடு அய்யாச்சாமி அண்ணாச்சி வீடு. தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் வீட்டுப் பின்பக்கம் ஒரு சிமெண்ட் தொட்டி, அதன்மேல் தகரம், அதன்மேல் விறகு. தொட்டியே இல்லை என்று அவர் சாதித்துக்கொண்டிருந்தார். நான் போய் விறகை எடுத்தேன்.

"என்ன அண்ணாச்சி, நீங்களுமா? யாருக்கும் ஒண்ணும் இல்லாம எதுக்குத் தண்ணியக் கொட்டச் சொல்லுதிய?"

லேப், கிருமி, குழாய் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் மாறவில்லை.

"அபி வரல அண்ணாச்சி. நான்தான் வராதன்னுட்டேன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அபி வரப்போகிற சங்கதியை ஆறு மாதமாக நான் தெருவில் ஒருத்தரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. புதுக் கட்டில் இறங்கும்போது ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியவரே அவர்தான். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து வந்து தொட்டியில் வாளியை முக்கினார்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் நான் விளக்கம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அய்யாச்சாமி அண்ணாச்சி எனக்கு முன்னால் போய், "அவிய மகளையே வர வேண்டாம்னுட்டாவ" என்று சொல்லிவிடுவார். கட்டிலுக்கு அடியில் இருந்து குடங்கள் தானாக வெளியே வந்தன. எங்கள் தெருவோரச் சாக்கடை வாறுகாலில் மழை இல்லாமல் அவ்வளவு தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை. இந்த ஊர்க்காரனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா என்ன?

புகை அடித்தார்கள். வாரா வாரம் டார்ச் வந்தது. சாவிகள் எதுவும் தொலையவில்லை.

சரோஜா பெங்களூருக்குக் கிளம்பிப் போனாள். அபிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் நலம். நான் போய் மூன்று நாள் இருந்து, பேத்தியை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். சந்தோஷம் இல்லாமல் என்ன? ஆனால் அங்கே நான் விருந்தாளி. பையைத் திறந்து வைத்தபடியே இருந்தேன். என் வீட்டு மாடியில் இருந்து அவள், "அப்பா, காபி!" என்று கத்த வேண்டும், நான் முணுமுணுத்துக்கொண்டே படியேற வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஐந்து மாதம். அது இனிமேல் கிடைக்காது. அடுத்த தடவை வருவாள், இரண்டு ராத்திரி இருப்பாள்.

நேற்று அய்யாச்சாமி அண்ணாச்சி வந்திருந்தார். ஆள் இல்லாத வீட்டில் நான் போட்ட காபியைப் பொறுமையாகக் குடித்துவிட்டுக் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, அன்னைக்கு அந்தப் பாடு படுத்துனாவளே. தொட்டியப் பூராம் கொட்டிக் கழுவுனோம். கடைசில ஒருத்தருக்கும் ஒண்ணும் வரலியே?"

ஏமாந்துவிட்டோமோ என்கிற மாதிரித்தான் கேட்டார். அவர் சொன்னது நிஜம். இந்த மழைக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கும் காய்ச்சல் வரவில்லை.

என் மகளும் வரவில்லை.