ஆறிப்போன காபிக்கு ஒரு பாட்டு

பித்தளைக் குடம் நிரம்பும் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். கட்டைக் குரலில் ஆரம்பித்து, தண்ணீர் கழுத்துக்கு ஏற ஏற, குரலும் மெலிந்து மேலே போகும். அறுபதுகளில் மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் விடியற்காலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். சமையலறை மூலையில் பாத்திரம் தேய்க்கும் "மோரி"யில் உட்கார்ந்து, குடம் பாதி நிரம்பும்போது எழும் அந்தக் குரலைச் சுருதியாகப் பிடித்துக்கொண்டு அம்மா பாட்டுக் கட்டுவாள். குடம் முடிந்தால் "பால்டி" என்கிற வாளி, வாளி முடிந்தால் அண்டா. எல்லாம் நிரம்புவதற்குள் ஒரு சரணம் தேறிவிடும். ரிப்பனும் கையுமாகத் தலை பின்னிக்கொள்ள நிற்கும் என்னிடம், "இதை ஒருதரம் சொல்லு, பாப்போம்" என்பாள். நான் தடுமாறாமல் சொன்னால் பாட்டு பாஸ். தடுமாறினால் அந்த வரி மோரித் தண்ணீரோடு போய்விடும்.

அவள் கட்டியதெல்லாம் நலங்குப் பாட்டு. கல்யாணத்தன்று சாயங்காலம் மணமக்களை எதிரெதிரே உட்காரவைத்து, பெண் வீட்டு மாமிகள் மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பாடுவார்களே, அது. செம்பூர், திலக் நகர், விக்ரோலி என்று எங்கே கல்யாணமானாலும் பெண்ணின் தாயார் எங்கள் வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளையைப் பற்றித் துப்புக் கொடுத்துவிட்டுப் போவாள். மெட்டுக்கு அம்மா அலையவே மாட்டாள். எதிர்வீட்டு ரேடியோவில் வரும் இந்திப் பாட்டு, பாதி அர்த்தம் புரியாவிட்டாலும், அவள் வாய்க்கு வந்துவிடும். எந்நேரமும் தலை வாரிக்கொண்டிருந்த ஒரு விக்ரோலி மாப்பிள்ளையை "ரயிலை விட்டாலும் விடுவார், சீப்பை விடமாட்டார்" என்று பாடியபோது, அவரே சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துக் காட்ட, கூடமே கொல்லென்று சிரித்தது. "ஆத்துக்குப் போய் மாத்திக்க முடியறதைத்தான் கேலி பண்ணணும். சீப்பைப் பாடலாம், வழுக்கையைப் பாடப்படாது" என்பது அம்மாவின் சட்டம். அந்தச் சட்டத்தை மீறி அவள் ஒரு வரிகூடக் கட்டியதில்லை.

அந்த விக்ரோலிக் கல்யாணத்துக்கு வந்திருந்தவர் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி சீனு மாமா. பாங்கில் உத்தியோகம் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நாடகம் போடுகிறவர். புது நாடகத்தில் புருஷனுக்காகக் காத்திருக்கும் கதாநாயகிக்கு ஒரு பாட்டு வேண்டும், மாமிதான் எழுத வேண்டும் என்று மறுநாளே வந்து நின்றார். அம்மா முதலில் கேட்டது, "நோட்டீஸ்ல பேர் போடுவேளா?" என்பதைத்தான். "பேஷா போடறேன் மாமி" என்றார் அவர்.

நலங்குப் பாட்டின் ஆயுள் ஒரு சாயங்காலம். விக்ரோலி மாப்பிள்ளையின் சீப்பைத் திலக் நகர் கல்யாணத்தில் கொண்டுபோய்ப் பாட முடியுமா? நாடகப் பாட்டு அப்படியில்லை. "பேர் அச்சுல வந்துடுத்துன்னா அடுத்த நாடகக்காராளும் கூப்பிடுவா, அப்புறம் ரேடியோ" என்று என் பின்னலை இழுத்துக்கொண்டே அம்மா மெட்ராஸ் வரைக்கும் போய்விட்டாள். "கோமதி, மாதுங்கா" என்று போட்டால் போதுமாம். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் பாட்டு வரவில்லை. நிலா, தென்றல், மல்லிகை எல்லாம் வரவேண்டும் என்று சீனு மாமா சொல்லியிருந்தார். அம்மாவும் மூன்றையும் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் மல்லுக்கட்டினாள். கடைசியில் மாடியேறிப் போய், "அந்தப் பொண்ணு எங்க குடியிருக்கா? அவ ஆத்துக்காரர் எந்த வண்டியில வருவார்?" என்று கேட்டாள். கதையில் அதெல்லாம் இல்லை என்று சீனு மாமா கையை விரித்தார். "அப்போ நானே குடிவெச்சுக்கறேன்" என்று இறங்கிவந்த அம்மா, அவளைத் தாதரில் குடிவைத்தாள், புருஷனைக் கோட்டைப் பகுதியில் ஒரு ஆபீசுக்கு அனுப்பினாள். மறுநாள் அண்டா நிரம்பும் முன் பல்லவி வந்துவிட்டது:

"ஆறு மணி வண்டி வந்து அரை நாழி ஆயாச்சு,
ஆறிப்போன காபியை அடுப்பில் திரும்ப வெச்சாச்சு."

நான் தடுமாறாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டே பள்ளிக்கூடமும் போனேன்.

நோட்டீஸ் வந்தது. நடிகர்கள் பெயர், மேக்கப் போட்டவர் பெயர், நாற்காலி கொடுத்த கடைக்காரர் பெயர்கூட இருந்தது. அம்மா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "பாடல்: ஒரு குடும்பப் பெண்மணி" என்றிருந்தது. சீனு மாமா தலையைச் சொறிந்தார். "அண்ணாதான் வேண்டாம்னுட்டார் மாமி, ஆபீஸ்ல நாலு பேர் பார்ப்பாளாம்" என்றார், அப்பா பக்கம் கையைக் காட்டி. அப்பா பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "குடும்பப் பெண்மணியா? அப்போ நடிக்கறவாள்லாம் யாராம்?" என்று சிரித்துவிட்டு அம்மா உள்ளே போனாள். அன்று குழம்பில் உப்பு இல்லை. அப்பா மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்.

நாடகத்தில் அந்தப் பாட்டுக்குக் கைதட்டல் பலமாக விழுந்தது. பெண்கள் வரிசையில் அம்மாவும் எல்லோரோடும் சேர்ந்து தட்டினாள். செம்பூரில் நாடகம் போடுகிறவர்கள் சிலர் யார் எழுதியது என்று கேட்டு வந்ததாகவும், அப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காகத் தான் வாயைத் திறக்கவில்லை என்றும் சீனு மாமா வெகுநாள் கழித்துச் சொன்னார். அதற்குள் அவர்கள் வேறு யாரையோ பிடித்துக்கொண்டுவிட்டார்கள். வேறு யாரும் தேடி வரவில்லை.

அடுத்த முகூர்த்தத்தில் செம்பூரில் ஒரு கல்யாணம். காய் நறுக்கும் இடத்தில், முன்பின் தெரியாத ஒரு மாமி, "இப்போ ஊரெல்லாம் இந்தப் பாட்டுதான், கத்துக்கோங்கோ" என்று அம்மாவுக்கே அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தாள். "இது எங்கம்மா பாட்டு" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாமி பாடினாள்: "ஆறிப்போன காபியை நானேதான் குடிச்சாச்சு." அம்மாவின் கத்தி பூசணிக்காயில் அப்படியே நின்றது. "அந்த அடியை இன்னொருதரம் பாடுங்கோ" என்றாள்.

குர்லாவில் வண்டி மாறுவதற்காக நின்றபோது, எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. தப்பாகப் பாடினாளே என்றேன். "தப்பு இல்லைடி. திரும்ப வெச்சாச்சுன்னா அவ காத்துண்டிருக்கா, அவ்வளவுதான். குடிச்சாச்சுன்னா அவளுக்குக் கோபமும் வந்துடுத்து பார். எனக்குத் தோணலையே!" என்றாள் அம்மா. அன்றிலிருந்து அவளும் அப்படித்தான் பாடினாள்.

அந்தக் கட்டடத்தை இடித்துப் பல மாடிகள் எழுப்பிவிட்டார்கள். கல்யாணங்களில் இப்போது ஸ்பீக்கர் பெட்டி வைத்து அலறவிடுகிறார்கள். சம்பந்தியைக் கேலி பண்ணினால் சண்டைதான் வரும். அம்மா கட்டிய பாட்டுகளில் முழுதாக என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த இரண்டு அடிதான். அம்மாவின் குரலுக்கு ஏங்கும்போதெல்லாம் அதைத்தான் பாடிக்கொள்கிறேன், அவள் பாடிய மாதிரியே. அதில் இரண்டாவது அடியில் பாதி செம்பூர் மாமியுடையது. அம்மாவின் பெயரைப் போடவில்லையே என்று இத்தனை வருஷமாகக் குமுறுகிறேன்; அந்த மாமியின் பெயர் என்னவென்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.