தேசம்மா கண்ட வெள்ளைப் புள்ளி

நாற்பது வயது வரை தேசம்மா பார்த்த மீனெல்லாம் செத்த மீன்தான். சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். கூடை சுமந்து மீன் விற்றவள். முழங்கால் வீங்கி நடை குறைந்ததும், 1934-இல், மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியின் விலங்கியல் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கே ஜன்னலோரம் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. கெண்டை, அயிரை, கெளுத்திக் குஞ்சு என்று ஐம்பதுக்கு மேல் ஏரி மீன்கள் ஒன்றாக நீந்தின. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றுவிடுவாள். மீனுக்கு மீன் குணம் வேறு என்பதே அவளுக்கு அங்கேதான் தெரிந்தது.

மறுவருஷம் மழைக்காலத்தில் மீன்களின் மேல் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டன. நாலு செத்து மிதந்தன. விரிவுரையாளர் நீரஜா பூஞ்சை என்று நினைத்துத் தண்ணீரில் பர்மாங்கனேட் கரைத்தாள். இரண்டே நாளில் புள்ளிகள் மறைந்தன. நீரஜாவுக்கு நிம்மதி. தேசம்மாவுக்கு இல்லை.

வியாழக்கிழமை காலை அவளே நீரஜாவின் மேஜைக்குப் போனாள்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. செவ்வாக்கெழம புள்ளி பூரா உதுந்துச்சு. இன்னிக்குப் பாத்தா முன்னத்தவிட ஜாஸ்தியா கீது. அது சாவல. கீழ எறங்கி இன்னாவோ பண்ணிட்டுத் திரும்ப ஏறுது."

நீரஜா எழுந்து வந்து தொட்டியை உற்றுப் பார்த்தாள். "பூஞ்சைன்னா இப்படி உதிர்ந்து உதிர்ந்து வராதே! நான் பாக்காம விட்டுட்டேன் தேசம்மா. ஒரு மீனைப் பிடி, பாத்துடலாம்."

தேசம்மா ஈரக் கையில் ஒரு கெண்டையை அசையாமல் ஏந்தினாள். நீரஜா கண்ணாடித் தகட்டின் ஓரத்தால் ஒரு புள்ளியை மெல்ல வழித்தெடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள். தான் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள்.

தேசம்மா ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள். சாம்பல் நிற உருண்டை ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. சுற்றிலும் மயிர்போல ஆயிரம் துடுப்புகள். உள்ளே குதிரை லாடம்போல வளைந்த ஏதோ ஒன்று. 

"மாதாவே! இதுக்கும் உசுரு கீதா?"

அந்த உருண்டையைச் சிறு கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு வைத்தார்கள். சற்று நேரத்தில் அது அசைவற்று, தன்னைச் சுற்றி ஒரு தோலைப் போட்டுக்கொண்டது. பிறகு உள்ளே இரண்டாயிற்று, நாலாயிற்று. மறுநாள் காலை பார்த்தபோது தோல் கிழிந்து, நூற்றுக்கணக்கான பொடி உயிர்கள் ஒட்டிக்கொள்ள இடம் தேடி ஓடிக்கொண்டிருந்தன.

"ஒரு பொட்டுக்குள்ள ஒரு குப்பமே கீதேம்மா!" என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டாள் தேசம்மா. "இதுங்களுக்கு மீன் கெடைக்கலன்னா?"

"ரெண்டு நாள்கூடத் தாங்காது, செத்துடும்."

"அப்ப மீனத் தொட்டிலேர்ந்து எடுத்துப் பானைல வுட்டு, தெனமும் வேற பானைக்கு மாத்திடலாம். உதுந்ததெல்லாம் பழைய பானையோட போயிடும்."

நீரஜா அவளை வியந்து பார்த்தாள். "அதுதான் வழி. தண்ணில கொஞ்சம் உப்பும் போடுவோம்."

"ஏரி மீனுக்கு உப்பா?"

"துளிதான். மீன் தாங்கிக்கும், அது தாங்காது."

பத்து நாள் தேசம்மா பானை மாற்றினாள். பழைய தண்ணீரை மண்ணில் கொட்டி, பானையைக் கொதிநீரால் கழுவி வெயிலில் காயவைத்தாள். தொட்டியும் வறண்டு கிடந்தது. முதல் நாலு நாளில் இன்னும் பதினோரு மீன் செத்தது. அதற்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை. பதினோராம் நாள் முப்பத்தேழு மீன்கள் சுத்தமான உடம்போடு தொட்டிக்குத் திரும்பின.

அடுத்த திங்கட்கிழமை வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தாள் தேசம்மா. காலையில் கரையேறிய பாறை மீனின் செவுள்.

"இதுலயும் யாராச்சும் குடியிருக்காங்களா பாருங்கம்மா."

இருந்தார்கள். இரண்டு கொக்கியால் செவுளைப் பற்றிக்கொண்டு நெளிந்த ஒரு கண்ணாடிப் புழு. நீரஜா கையிலிருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டினாள். அதன் பெயர் எதிலும் அகப்படவில்லை.

"எனக்கும் இது யாருன்னு தெரியலை தேசம்மா" என்றாள்.

வகுப்பு மணி அடித்தது. இருவரும் நகரவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.