மூன்று பேர் என்று சொல்லுங்கள்

பேய் ராத்திரியில்தான் வரும் என்பார்கள். எனக்கு மதியம் இரண்டு இருபதுக்கு வந்தது. அத்தனை விளக்கும் எரிகிற விமான நிலையத்தில், அத்தனை பேர் நடுவில். நம்பாதவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன். நடந்தது இதுதான்.

அண்ணனை ஊருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். இருவரும் ஒரே கப்பல் பட்டறையில் வெல்டர்கள். வேலை முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். விமானத்தில் நான் மேலே, இருக்கையில். அவன் கீழே, பெட்டிக்குள். அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“அவனத் தனியா விட்றாதடா.”

நான் இன்னும் அழவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி உடம்பு முழுக்க ஏறியது போல மரத்திருந்தது.

பனிமூட்டத்தால் முதல் விமானம் தாமதம். மாறி ஏற வேண்டிய ஊரில் நாங்கள் இறங்குவதற்குள் அடுத்த விமானம் போய்விட்டது. கவுன்டர் முன்னால் வரிசை வளைந்து வளைந்து கிடந்தது. அதில் எல்லாரும் எல்லாருக்கும் யோசனை சொன்னார்கள்.

“வரிசைல நின்னுக்கிட்டே போனும் போடுங்க. எது முந்துதோ அது.”

“சுத்திப் போற ரூட்டக் கேளுங்க. சீட்டு காலியா இருக்கும்.”

“நீங்களா ஒரு விமானத்த விட்டுட்டா மிச்ச டிக்கெட்டும் போச்சு. பாத்துக்கங்க.”

எனக்கு முன்னால் நீலத் தொப்பிக்காரர் ஒருவர், கையில் காபியோடு. உலகத்து விமானமெல்லாம் அவர் வீட்டுக் கொல்லையில் இறங்குவது போலப் பேசினார்.

“உங்க ஊருக்கா தம்பி? நாலு மணிக்குச் சின்ன விமானம் ஒண்ணு இருக்கு. ரெண்டே சீட்டு. காத்துள்ளபோதே தூத்திக்கணும்.”

“கூட... சாமான் இருக்குங்க.”

“அது பின்னாடி வரும். ஆளு போய்ச் சேர்ந்தா போதாதா?”

போதும் என்றுதான் தோன்றியது. எதையும் யோசிக்கத் தெம்பில்லை. தலையாட்டினேன்.

“அதுல ஏறாதீங்க.”

வரிசையை ஒட்டிய நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். புத்தம்புது கோட்டு. மடிப்பின் தடம்கூடப் போகவில்லை. தலையை யாரோ வாரிவிட்ட மாதிரி படிய வாரியிருந்தார். காலில் வெள்ளைக் காலுறை மட்டும். நெடுநேரம் காத்திருப்பவர்கள் ஷூவைக் கழற்றிவிடுவார்கள். அப்படித்தான் நினைத்தேன்.

“சின்ன விமானத்துல பெட்டி நுழையாது. கதவு பத்தாது.”

மூக்கடைத்தவர் போலப் பேசினார். பெட்டியைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை. அது அப்போது உறைக்கவில்லை.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என் தம்பி அதுலதான் போனான். யாரோ சொன்னாங்கன்னு ஏறிட்டான். நல்லவன். விவரம் பத்தாது.”

“நீங்க போகலையா?”

“ஏத்தல.”

கோட்டின் மடிப்பைத் தடவிவிட்டுத் தொடர்ந்தார். 

“ஆறு பத்துக்குப் பெரிய விமானம் இருக்கு. அதக் கேளுங்க. பெட்டின்னு சொல்லாதீங்க, அப்புறம் அனுப்புறோம்பாங்க. ஆளுன்னு சொல்லுங்க. ஆளுதானே?”

“ஆமாங்க. எங்கண்ணன்.”

“ஜன்னலோரம் வேணும்னு கேக்கமாட்டான். அவ்வளவுதான் வித்தியாசம்.”

அவர் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் போன பிறகு முதல் தடவை.

அப்போது தொப்பிக்காரர் திரும்பினார். கை தட்டிக் காபி கொட்டியது. சுடச்சுட. நான் துள்ளி விலகினேன். நாற்காலிக்காரர் எழுந்து நின்றார்... காபிக்குள்ளேயே. வலது காலை எடுக்கவில்லை.

“சுடலையா?”

“அங்க ரொம்பக் குளிரு,” என்றார். “இது பரவால்ல.”

வரிசை நகர்ந்தது.

“என்னையும் சேத்துச் சொல்லுங்க. நானும் அதே ஊருதான். மூணு பேருன்னு சொல்லுங்க.”

சரி என்றேன். எனக்குச் சொன்னவருக்கு நான் சொல்வதில் என்ன குறைந்துவிடப்போகிறது?

கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆறு பத்து விமானமா? எத்தனை பேரு?”

“மூணு பேரு. நான்... எங்கண்ணன், கீழ இருக்கான்... அப்புறம் இவரு.”

“எவரு?”

திரும்பினேன்.

தொப்பிக்காரர் காபியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்காலி காலி. தரையில் ஈரத் தடங்கள். ஒற்றைக் கால்... வலது கால் மட்டும். சரக்கு ஊழியர்கள் போகிற கதவு வரை. கதவு பூட்டியிருந்தது.

“பின்னால வர்றாரு,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?



எட்டரைக்கு இறங்கினோம். சரக்குக் கொட்டகையில் ஊழியர் கேட்டார்.

“ரெண்டுமே உங்களுதா?”

“ஒண்ணுதான்.”

“ரெண்டு இறங்கியிருக்கே.”

அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி. ஒட்டினாற்போல.

ஊழியர் நாங்கள் மாறி ஏறிய விமான நிலையத்துக்குப் போன் போட்டார். பேசப் பேச அவர் குரல் இறங்கியது. அந்தப் பெட்டி மூன்று வாரமாக அங்கே குளிர் அறையில் கிடந்ததாம். கூட வந்த தம்பி சின்ன விமானத்தில் போய்விட்டான். பின்னால் அனுப்புகிறோம் என்றவர்கள் மறந்தே போனார்கள். இன்றைக்கு அதை யாரும் ஏற்றவில்லை. அடித்துச் சொன்னார்கள். போய்ப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்கள்.

அறை காலி.

தகவல் சொன்ன ஒரு மணி நேரத்தில் அந்தத் தம்பி வந்தான். சின்னப் பையன் மாதிரி இருந்தான். தினமும் போன் போட்டேன், தினமும் நாளைக்கு என்றார்கள் என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அடையாளம் காட்டுவதற்காகத் திறந்தார்கள். பெட்டிக்கு வைத்த ஈய முத்திரை அதுவரை உடையவில்லை. நானே பார்த்தேன்.

புத்தம்புது கோட்டு. மடிப்புத் தடம். வாரிய தலை. மூக்கில் பஞ்சு.

தம்பி கால்மாட்டில் உட்கார்ந்தான். காலைப் பிடித்தான். சட்டென்று கையை எடுத்து, விரலைப் பார்த்தான்.

வெள்ளைக் காலுறை. வலது கால். அடிப்பாகம் முழுக்கப் பழுப்பு.

நானும் தொட்டுப் பார்த்தேன்.

ஈரம்.

இன்னும்... சூடாக இருந்தது.